கூலியில் 300 குறைச்சா... சாமானில் 800 போகுது! பிளம்பிங் வேலைக்கு ரசீது கேட்டு வாங்குங்க

மதுரை: வீட்டில் ஒரு குழாய் சொட்ட ஆரம்பித்தால் போதும். இல்லத்தரசிகளுக்கு நிம்மதி போய்விடும். பிளம்பரை தேடிப்பிடித்து கூட்டி வந்து, வேலை முடிந்ததும் அவர் சொல்லும் தொகையை கேட்டால் வீட்டுக்காரருக்கும் நிம்மதி போய்விடும்.

வில்லாபுரத்தில் இருந்து விளாங்குடி வரை எந்த தெருவில் கேட்டாலும் இதே புலம்பல்தான். "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று வீட்டுக்காரர்கள் நொந்துகொள்கின்றனர். "பேசின கூலியை கூட ஒழுங்கா தர்றதில்ல" என்று பிளம்பர்கள் குமுறுகின்றனர். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஏரியாக்களில் குழாய், வால்வு எல்லாம் அடிக்கடி அடைத்து பழுதாவதால் இந்த பஞ்சாயத்து ஓய்வதே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். கூலி தனி, சாமான் தனி. இரண்டுக்கும் ரசீது.

பணம் போவது எங்கே?

பிளம்பரிடம் பேரம் பேசும் பலர் கூலியைத்தான் குறைக்க பார்க்கிறார்கள். சாமான் விலையை யாரும் கேட்பதில்லை. "நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்று பணத்தை கொடுத்து விடுகின்றனர். பணம் கரைவது இந்த இடத்தில்தான்.

பைப், எல்போ, டீ, வால்வு, குழாய் ஆகியவற்றில் அச்சடித்த விலை ஒன்று இருக்கும். அதில் தள்ளுபடி கொடுத்து விற்பது ஹார்டுவேர் கடைகளில் சாதாரணம். வீட்டுக்காரர் நேரில் போய் கேட்டால் அந்த தள்ளுபடி அவருக்கு கிடைக்கும். போகாவிட்டால், பல கடைகளில் அது பிளம்பருக்கு கமிஷனாக போய்விடும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பாத்ரூமில் பைப் மாற்ற பிளம்பர் 1,200 ரூபாய் கூலி கேட்கிறார். வீட்டுக்காரர் அடித்துப் பேசி 900க்கு முடிக்கிறார். 300 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷம். சாமானுக்கு 4,000 ரூபாய் என்று துண்டுச்சீட்டு வருகிறது. அதே சாமானை அவரே கடையில் நின்று வாங்கியிருந்தால் 3,200க்கு முடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 ரூபாய் கூடுதல். 300ஐ கழித்தால் நிகர நஷ்டம் 500.

இதில் பிளம்பரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. கூலியை அநியாயத்துக்கு குறைத்தால், விட்டதை பிடிக்க அவர் கமிஷனைத்தான் தேடுவார். நியாயமான கூலியை கொடுத்துவிட்டு, சாமானுக்கு கடை பில் கேட்பதுதான் வீட்டுக்காரருக்கு லாபம்.

நியாயமான கூலி எது?

மதுரை பக்கம் பிளம்பிங் வேலைக்கு பொதுவாக மூன்று விதமாக கூலி பேசுகிறார்கள்.

முதலாவது நாள் கூலி. பிளம்பருக்கு இவ்வளவு, கையாளுக்கு இவ்வளவு. எங்கே ஒழுகுகிறது என்று தேடிப்பார்க்க வேண்டிய பழைய வீட்டு வேலைக்கு இது சரி. ஆனால் வேலை இழுத்தால் செலவும் இழுக்கும்.

இரண்டாவது வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக பேசுவது. தொட்டி மாற்றுவது, வாஷ்பேசின் வைப்பது, மோட்டார் பைப் இணைப்பது போன்ற அளவு தெரிந்த வேலைக்கு இதுவே நல்லது.

மூன்றாவது பாயிண்ட் கணக்கு. புது வீடு கட்டுபவர்கள் அதிகம் பேசுவது இது. ஒரு குழாய் வரும் இடம் ஒரு பாயிண்ட். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுவர் வெட்டுவது, வெட்டிய இடத்தை பூசுவது, கடைசியில் குழாய் மாட்டுவது எல்லாம் அந்த ரேட்டில் அடக்கமா என்று முதலிலேயே கேட்காவிட்டால் பிறகு தகராறுதான்.

ரேட் சரியா என்று பார்க்க, குறைந்தது மூன்று பேரிடம் விசாரிக்கணும். மூன்று பேரிடமும் ஒரே மாதிரி கேட்கணும். ஒருவரிடம் "குழாய் மாத்தணும்" என்றும், இன்னொருவரிடம் "பைப்லைன் மாத்தணும்" என்றும் சொன்னால் ரேட்டை ஒப்பிடவே முடியாது. பக்கத்து வீட்டில் சமீபத்தில் வேலை பார்த்திருந்தால் அவர்கள் கொடுத்ததையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பொதுப்பணித் துறை வெளியிடும் விலை விகித அட்டவணையில் தொழிலாளர் கூலியும் இருக்கும். அது அரசு வேலைக்கான கணக்கு என்றாலும், கேட்கும் தொகை ரொம்ப கூடுதலா என்று தெரிந்துகொள்ள உதவும்.

பத்து நிமிஷ வேலைக்கு ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வண்டியில் வந்து, ஒழுகும் இடத்தை பார்த்து, கடைக்கு போய் வாஷரோ ஸ்பிண்டிலோ வாங்கி வந்து மாட்டி முடிப்பதற்குள் அவருக்கு அரை நாள் போய்விடும். அதனால் சின்ன வேலைக்கும் குறைந்தபட்சமாக ஒரு தொகை கேட்பது நியாயமே. இதை மிச்சப்படுத்த வழி உண்டு. கிச்சன் குழாய் சொட்டு, ஃபிளஷ் டேங்க் ஒழுகல், மாடி வால்வு இறுக்கம் என எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி வைத்து, ஒரே நாளில் பார்க்கச் சொல்லுங்க.

கடையில் கவனிக்க வேண்டியது

* எம்.ஆர்.பி. என்று அச்சடித்த விலையிலேயே எல்லா வரியும் அடக்கம். "பில் போட்டா வரி தனி" என்று சொல்லி அதற்கு மேல் வாங்கக்கூடாது. வாங்கினால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம். எடை அளவு சட்டத்தை அமல்படுத்துவது தமிழகத்தில் அந்த துறைதான்.

* "எம்.ஆர்.பி.யில் எவ்வளவு தள்ளுபடி?" என்று வாய் விட்டு கேளுங்க. கூச்சப்பட வேண்டியதில்லை.

* 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது. கடை பெயர், முகவரி, வரிசை எண், தேதி உள்ள பில் வேண்டும். கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது 15 இலக்கத்தில் இருக்கும். தமிழக எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை போட்டால் யார் பெயரில் உள்ளது என்று தெரிந்துவிடும்.

* பைப்பில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க. குடிநீருக்கான சி.பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 15778, யு.பி.வி.சி. தண்ணீர் பைப்புக்கு ஐ.எஸ். 4985, கழிவுநீர் பைப்புக்கு ஐ.எஸ். 13592 என்று அச்சாகி இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் உரிம எண்ணை போட்டு ஒரிஜினலா என்று பார்க்கலாம்.

* மிச்சமாகும் எல்போ, கப்ளர் போன்றவற்றை பில் இருந்தால் பல கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். வெட்டிய பைப்பை எடுக்க மாட்டார்கள். எனவே அளவை எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

* குழாய்களுக்கு கம்பெனி வாரண்டி கேட்கப் போனால் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வெள்ளை பேப்பர் போதும்

"நான் என்ன கடையா வச்சிருக்கேன், பில் கொடுக்க?" என்று சில பிளம்பர்கள் கேட்பார்கள். அச்சடித்த பில் புக் வேண்டும் என்பதில்லை. வெள்ளை பேப்பரில் கையால் எழுதி கையெழுத்து போட்டாலும் அது ஆதாரம்தான். அதில் இருக்க வேண்டியவை:

1. தேதி
2. பிளம்பர் பெயர், முகவரி, செல்போன் எண்
3. வீட்டுக்காரர் பெயர்
4. என்ன வேலை, எந்த இடத்தில்
5. கூலி எவ்வளவு
6. சாமான் எவ்வளவு (கடை பில் இணைப்பு)
7. அட்வான்ஸ், பாக்கி
8. திரும்ப ஒழுகினால் எத்தனை நாள் வரை இலவசமாக சரிசெய்வார்
9. கையெழுத்து

5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கணும்.

"ஜிபேயில்தான் அனுப்பிட்டேனே, அது போதாதா?" என்று கேட்கலாம். பணம் போனதற்கு அது சாட்சி. எந்த வேலைக்கு போனது என்பதற்கு சாட்சி இல்லை. பணம் அனுப்பும்போதே குறிப்பில் 'மாடி பாத்ரூம் பைப் கூலி' என்று நாலு வார்த்தை சேர்த்து அனுப்பினால் கொஞ்சம் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது. தனியாளாக வேலை பார்க்கும் பிளம்பர் 18 சதவீதம் வரி என்று சேர்த்து கேட்டால், ஜி.எஸ்.டி. எண் எங்கே என்று கேளுங்க.

பாக்கியை எப்போது கொடுப்பது?

மொத்த பணத்தையும் முதலிலேயே கொடுப்பது தப்பு. வேலை முடிந்த பிறகும் கொடுக்காமல் அலையவிடுவது அதைவிட தப்பு. பெரிய வேலை என்றால் தொடங்கும்போது ஒரு பங்கு, பைப் பதித்ததும் ஒரு பங்கு, தண்ணீர் விட்டு சோதித்த பிறகு மீதி என்று முதலிலேயே பேசிக்கொள்ளணும்.

சுவருக்குள் பைப் பதித்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்து பார்ப்பது ரொம்ப முக்கியம். ஒட்டிய பிறகு ஒழுகினால் டைல்ஸை உடைக்க வேண்டி வரும். கூலியைவிட அந்த செலவு பெரிது. பசை போட்டு ஒட்டிய பைப் இணைப்பு காய்வதற்கும் நேரம் தேவை. உடனே மோட்டார் போடச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க. சுவரை மூடும் முன் பைப் போகும் பாதையை செல்போனில் போட்டோ எடுத்து வையுங்க. நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

வேலை முடிந்த அன்று ராத்திரி இன்னொரு சின்ன சோதனை. எல்லா குழாயையும் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மட்டத்தை குறித்து வையுங்க. காலையில் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

வாடகை வீட்டில் யார் செலவு?

தமிழகத்தில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகை சட்டத்தில் பராமரிப்பு பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதவில்லை என்றால், தேவைப்படும்போது பைப் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவது, வாஷ்பேசின் பழுது பார்ப்பது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தன் பங்கு வேலையை செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழிக்க சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் கையில் பில் இல்லாமல் எதை காட்டி கழிப்பது?

தெருவில் உள்ள மாநகராட்சி மெயின் பைப்பில் தனியார் பிளம்பர் கை வைக்க முடியாது. அதற்கு மாநகராட்சியில் அனுமதி வாங்கணும். "நான் பார்த்துக்கறேன், கையில கொடுங்க" என்று யாராவது வந்தால் உஷார். பணம் கட்டியதற்கு மாநகராட்சி ரசீது வராவிட்டால் இணைப்பும் முறையான இணைப்பு இல்லை.

ஏமாந்தால் எங்கே போவது?

2020ல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் அல்லது ரசீது கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஆக, ரசீது கேட்பது நுகர்வோரின் உரிமை.

வேலை சரியில்லை என்றால் முதலில் பிளம்பருக்கு போன் செய்து சொல்லுங்க. பலர் வந்து சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். வராவிட்டால் வாட்ஸ்அப்பில் போட்டோவுடன் எழுதி அனுப்புங்க. அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்பதும் இல்லை. ஆனால் பிரச்சினை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கணும். அங்கேயும் முதல் கேள்வி "ரசீது இருக்கா?" என்பதுதான்.

பிளம்பருக்கும் இதுதான் பாதுகாப்பு

"அப்புறம் வாங்க" என்று பாக்கியை இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களால் பாதிக்கப்படும் பிளம்பர்களும் ஏராளம். என்ன வேலை, எவ்வளவு பாக்கி என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்ட பேப்பர் இருந்தால் அவர்களும் தைரியமாக கேட்கலாம். ரசீது கொடுத்து பழகியவருக்கு அடுத்த தெருவிலும் வேலை கிடைக்கும். கட்டுமான தொழிலாளர் நல வாரியத்தில் பிளம்பர்களும் பதிவு செய்து உதவிகள் பெறலாம். இதுவரை பதியாதவர்கள் பதிந்துகொள்வது நல்லது.

உழைத்தவருக்கு கூலியை குறைக்காமல் கொடுங்க. சாமானுக்கு பில்லை விடாமல் கேளுங்க. இந்த இரண்டும் சரியாக இருந்தால், அடுத்த முறை குழாய் சொட்டும்போது அதே பிளம்பரை கூப்பிட தயக்கம் இருக்காது. அவருக்கும் வர தயக்கம் இருக்காது.