கிரேட்ஃபுல் டெட் டிரம்மரும் ஒரு மண்பானையும்: 'பிளானட் டிரம்' ரசிகர்களை ஏன் இரண்டாகப் பிரித்தது?

தைப்பூசம் நெருங்கும் வாரங்களில் செலாயாங், பத்துமலைப் பக்கம் மாலையில் போனால், எங்காவது ஓர் உறுமி மேளக் குழு பயிற்சி செய்யும் சத்தம் காதில் விழும். ஒருத்தர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், இன்னொருத்தர் அதைத் திருப்பி வாசிப்பார், மூன்றாவது ஆள் வேகத்தைக் கூட்டுவார். அது எங்கே போய் முடியும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாது. இதற்கு அவர்கள் 'ஜேமிங்' என்று பெயர் வைப்பதில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

அமெரிக்காவில் இப்படி வாசிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு ராக் இசைக்குழுவின் டிரம்மர், 1991இல் ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். தாளக் கருவிகளும் மனிதக் குரலும்தான் அதில் முக்கியம். அந்தக் கருவிகளில் ஒன்று நம்ம ஊர்க் கடம். ஆல்பத்துக்கு கிராமி விருதும் கிடைத்தது. ஆனாலும் அந்த டிரம்மரின் சொந்த ரசிகர்களே இந்த முயற்சிகளைப் பற்றி இன்றுவரை ஒரே குரலில் பேசுவதில்லை.

அவர் பெயர் மிக்கி ஹார்ட். குழு, கிரேட்ஃபுல் டெட். ஆல்பம், 'பிளானட் டிரம்'. ரசிகர்களின் இந்தக் கருத்து வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஜேம் பேண்ட் என்றால் என்ன?

பாட்டை ஆல்பத்தில் உள்ளபடியே மேடையில் வாசிக்காமல், அதை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசித்துக்கொண்டே போகும் குழுதான் ஜேம் பேண்ட். ஐந்து நிமிடப் பாட்டு இருபது நிமிடம் ஓடும். நேற்று வாசித்த மாதிரி இன்று இருக்காது. கர்நாடகக் கச்சேரியில் ராகம் தானம் பல்லவி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதுசாகத் தெரியாது.

கிரேட்ஃபுல் டெட் 1965இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. கித்தார் கலைஞர் ஜெர்ரி கார்சியா 1995இல் இறக்கும் வரை, சுமார் 2,300 நிகழ்ச்சிகள் நடத்தியது. 'டெட்ஹெட்ஸ்' என்று அழைக்கப்பட்ட ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். நிகழ்ச்சியை ஒலிப்பதிவு செய்ய ரசிகர்களுக்குத் தனி இடமே 1984 முதல் ஒதுக்கப்பட்டது. அந்த கேசட்டுகளை அவர்கள் காசு வாங்காமல் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள்.

இது ஏன் முக்கியம்? இந்த ரசிகர்கள் சும்மா கேட்பவர்கள் இல்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பாட்டு என்று கணக்கு வைத்திருப்பவர்கள். குழுவில் ஒருவர் வேறு பக்கம் போனால், அதையும் அதே கறாரோடுதான் எடை போடுவார்கள்.

மிக்கி ஹார்ட் யார்?

1943இல் பிறந்தவர். 1967இல் குழுவில் இரண்டாவது டிரம்மராகச் சேர்ந்தார். பில் க்ருட்ஸ்மன் ஏற்கனவே இருந்தார். ஒரு ராக் குழுவில் இரண்டு டிரம்மர்கள் இருப்பது அன்றைக்கு அபூர்வம். அதே காலகட்டத்தில் ஹார்ட், தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டார். ஏழு, ஒன்பது, பதினொன்று என்று தாளத்தை எண்ணும் பழக்கம் அங்கிருந்துதான் அவருக்குள் போனது.

1971இல் குழுவிலிருந்து விலகிய ஹார்ட், 70களின் நடுவில் திரும்பி வந்தார். அதன் பிறகு இரண்டு டிரம்மர்களும் மட்டும் வாசிக்கும் ஒரு பகுதி, நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் நிரந்தரமானது. அதன் பெயரே 'டிரம்ஸ்'. நம்ம கச்சேரியில் தனி ஆவர்த்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவார்களே, அதே கதைதான் அங்கேயும். 'டிரம்ஸ் வந்துடுச்சு, கழிவறைக்குப் போயிட்டு வந்துடலாம்' என்பது டெட்ஹெட்ஸ் மத்தியில் பழைய ஜோக். இன்னொரு கூட்டமோ, அந்த இருபது நிமிடத்துக்காகவே டிக்கெட் வாங்கும். ஆக, ரசிகர்கள் 1991இல் திடீரென்று பிரியவில்லை. குழுவின் மேடையிலேயே பிரிவு இருந்தது.

இதில் தமிழர் எப்படி வந்தார்?

டி.எச். விநாயக்ராம், நமக்குத் தெரிந்த பெயரில் 'விக்கு' விநாயக்ராம், 1942இல் சென்னையில் பிறந்தவர். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது கடம் வாசித்தவர். 70களின் நடுவில் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் ஹுசைன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் சேர்ந்தார்.

சக்தியும் ஒரு பக்க முயற்சியாகத்தான் பார்க்கப்பட்டது. மெக்லாக்லின் அதற்கு முன்பு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் காதைப் பிளக்கும் மின் கித்தார் வாசித்தவர். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத கித்தாரை வாசித்தபோது பழைய ரசிகர்களில் பலர் குழம்பிப்போனார்கள். அதே சக்தியை இன்று ஒரு மைல்கல் என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் 'திஸ் மொமன்ட்' ஆல்பத்துக்கு அந்தக் குழு கிராமி வாங்கியபோது, விக்குவின் மகன் செல்வகணேஷும் அதில் இருந்தார்.

அல்லா ரக்காவின் மகன்தான் ஜாகிர் ஹுசைன். அவர் வழியாக ஹார்ட்டின் உலகமும் சக்தியின் உலகமும் ஒன்றோடொன்று சேர்ந்தன.

'பிளானட் டிரம்'மில் என்ன இருக்கிறது?

நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலதுஞ்சி, சிகிரு அடெபோஜு, பிரேசிலின் ஏர்தோ மொரெய்ரா, ஃப்ளோரா பூரிம், போர்ட்டோ ரிக்கோவின் ஜியோவானி ஹிடால்கோ, இந்தியாவின் ஜாகிர், விக்கு. இவர்களோடு ஹார்ட். அடெபோஜு வாசிப்பது 'பேசும் மத்தளம்'. அக்குளில் இடுக்கி கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும், இறங்கும். நம்ம உடுக்கையின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

கடத்தின் வேலை வேறு. அது வெறும் சுட்ட மண். தோல் கிடையாது, கயிறு கிடையாது. பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் கனத்த ஒலியை எடுப்பார்கள். கழுத்திலும் உடம்பிலும் விரல் நுனியால் தட்டினால் மணி மாதிரி கூர்மையான சத்தம் வரும். மானாமதுரையில் செய்யும் கடத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

கிராமி விருதில் 'சிறந்த உலக இசை ஆல்பம்' என்ற பிரிவு முதன்முதலாக வந்தது 1992இல். அதை வென்ற முதல் ஆல்பம் 'பிளானட் டிரம்'. கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்குப் பிறகு, உபபக்கவாத்தியம் என்ற இடத்தில் உட்காரும் ஒரு பானைக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் ஏன் எல்லாருக்கும் பிடிக்கவில்லை?

குறை சொல்பவர்களின் வாதத்தில் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, பாட்டு. கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களில் பலர் வந்தது ராபர்ட் ஹன்டரின் வரிகளுக்காகவும் கார்சியாவின் கித்தாருக்காகவும். வரியும் மெட்டும் இல்லாமல் ஒரு மணி நேரம் தாளம் மட்டும் என்றால், அவர்களுக்கு 'டிரம்ஸ்' பகுதியை மட்டும் வெட்டி எடுத்து விற்ற மாதிரி இருக்கிறது.

இரண்டாவது, ஸ்டூடியோ. ஜேம் பேண்டின் அழகே தவறு நடக்கும் ஆபத்தில்தான் இருக்கிறது. வெட்டி ஒட்டி மெருகேற்றிய ஆல்பத்தில் அந்த ஆபத்து இல்லை என்பது அவர்கள் புகார்.

மூன்றாவது, குரல். கார்சியா இறந்த மறு ஆண்டு, 1996இல், ஹார்ட் 'மிஸ்டரி பாக்ஸ்' வெளியிட்டார். ஹன்டரின் வரிகள் இருந்தன. ஆனால் ஹார்ட் பாடகர் இல்லை, பேசுகிற மாதிரிதான் பாடினார். துக்கத்தில் இருந்த ரசிகர்கள் எதிர்பார்த்த ஒலி அது இல்லை.

நான்காவது, கணினி. 2007இல் வந்த 'குளோபல் டிரம் புரொஜெக்ட்'டில் தாளங்கள் மின்னணு முறையில் மாற்றப்பட்டன. பின்னர் வந்த 'சூப்பர்ஆர்கனிசம்' ஆல்பத்தில் தன் மூளை அலைகளையே ஒலியாக்கிச் சேர்த்தார். 'தோலும் மண்ணும் மரமும் போதாதா?' என்பது ஒரு பகுதியினரின் கேள்வி.

பிடித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்களிடம் ஒரு வலுவான உதாரணம் இருக்கிறது. 1976இல் ஹார்ட்டும் ஜாகிரும் 'டிகா ரிதம் பேண்ட்' என்ற பெயரில் ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் 'ஹேப்பினஸ் இஸ் டிரம்மிங்' என்று ஒரு வாத்திய இசை. கார்சியாவும் வந்து கித்தார் வாசித்தார். அதே இசைதான் பிறகு ஹன்டரின் வரிகளோடு 'ஃபயர் ஆன் த மவுன்டன்' என்ற பாட்டாக மாறி, 1978இல் குழுவின் 'ஷேக்டவுன் ஸ்ட்ரீட்' ஆல்பத்தில் வந்தது. கிரேட்ஃபுல் டெட்டின் மிகவும் விரும்பப்பட்ட பாடல்களில் அதுவும் ஒன்று.

அதாவது, 'இவர் ஏன் பக்கத்தில் போய் நேரத்தை வீணாக்குகிறார்?' என்று கேட்டவர்கள் கைதட்டிய பாட்டே, அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். வாய்க்காலில் போன தண்ணீர் மறுபடி ஆற்றுக்கே திரும்பிய கதை.

இன்னொன்றும் சொல்வார்கள். ஹார்ட்டுக்குத் தாளம் வெறும் பின்னணி இல்லை. முதியோரின் உடல்நலத்துக்குத் தாள வாசிப்பு எப்படி உதவும் என்று 1991இல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் அவர் சாட்சியம் அளித்தார். விற்பனைக்காக மட்டும் இதைச் செய்யவில்லை என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நம் பக்கத்துக் கேள்விகள்

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு வேறு ஒரு சங்கடம் உண்டு. கடத்தின் பெருமை அதன் சத்தத்தில் மட்டும் இல்லை. கணக்கில் இருக்கிறது, கோர்வை வந்து சரியாக சமத்தில் விழுவதில் இருக்கிறது. பல நாட்டுத் தாளங்கள் கலக்கும்போது அந்தக் கணக்கு பின்னால் போய், 'ஆஹா, என்ன விசித்திரமான சத்தம்' என்ற வியப்பு மட்டும் மிஞ்சுமோ என்ற பயம் நியாயமானதே.

'உலக இசை' என்ற பெயருக்கும் எதிர்ப்பு இருக்கிறது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பர்ன் 1999இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்திய பாப் அல்லாத அனைத்தையும் ஒரே கூடையில் போடும் சொல் அது என்பது அவர் வாதம். மணிக்கணக்கில் கோர்வை எழுதிப் பழகிய கலைஞரும் பிரேசில் கலைஞரும் ஒரே அலமாரியில்!

அடுத்து, பெயர். 'பிளானட் டிரம்' மிக்கி ஹார்ட் ஆல்பமாகவே வெளிவந்தது. மற்ற மேதைகள் எல்லாம் 'பங்கேற்றோர்' பட்டியலில். 2007 ஆல்பத்திலோ ஹார்ட், ஜாகிர், அடெபோஜு, ஹிடால்கோ என்று நான்கு பெயர்களும் சேர்ந்தே வந்தன. 2009இல் அதுவும் கிராமி வென்றது. விமர்சனம் ஏதாவது மாற்றத்தைக் கொண்டு வருமா என்று கேட்பவர்கள், இந்த இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம்ம ஊரில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. யோகி பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 90களில் பொயட்டிக் அம்மோ குழுவில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் செய்தவர். பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைத் தமிழில் கொண்டு வந்தார். கடல் தாண்டி தமிழ்நாட்டில் அவர் பெயர் தெரிய வந்தது அந்தத் தமிழ் முயற்சியால்தான். அங்கே 'பொல்லாதவன்' படத்திலும், பத்து ஆண்டு கழித்து 'விவேகம்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது.

உறுமி மேளத்திலும் இதே வாதம் உயிரோடு இருக்கிறது. காவடிக்கு முன்னால் சினிமா மெட்டு வாசிக்கலாமா, டிரம் செட் சேர்க்கலாமா என்று பெரியவர்களும் இளைஞர்களும் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். 'பழசு கெட்டுப்போகும்' என்கிறது ஒரு தரப்பு. 'மாறவில்லை என்றால் வாசிக்க ஆள் இருக்காது' என்கிறது இன்னொரு தரப்பு. டெட்ஹெட்ஸ் பேசுவதும் கிட்டத்தட்ட இதுதான். இடமும் கருவியும்தான் வேறு.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 'ஹேப்பினஸ் இஸ் டிரம்மிங்', உடனே 'ஃபயர் ஆன் த மவுன்டன்'. ஒரே விதை, இரண்டு செடி. பிறகு 'பிளானட் டிரம்'. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கடம் எங்கே வருகிறது என்று மட்டும் தேடுங்கள். அதற்குப் பிறகு சக்தியின் பழைய பதிவுகளில் அதே விக்குவைக் கேளுங்கள். கணக்கு முன்னால் நிற்கும் இடத்துக்கும், சத்தம் முன்னால் நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் யாரும் விளக்காமலே புரியும்.

ஜாகிர் ஹுசைன் 2024 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். ஒலதுஞ்சி 2003இலேயே போய்விட்டார். அந்தக் கூட்டணி மறுபடி மேடையில் உட்காரப்போவதில்லை. அந்த ஆல்பம் நல்லதா இல்லையா என்ற வாதம் தொடரட்டும். ஆனால் ஒரு ராக் டிரம்மர் தன் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், இத்தனை கைகள் ஒரே அறையில் ஒன்றாகத் தட்டிய சத்தம் நமக்குக் கிடைத்திருக்காது. அதில் மண்பானையைத் தட்டிய இரண்டு கைகள் ஒரு தமிழருடையவை.