மாட்டின வேகத்துல பல்பு போகுதா? அதிர்வு உள்ள இடங்களுக்கு எந்த பல்பு சரி?

தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பட்டறைகள், தெருமுனை மாவு மில், வீட்டு மோட்டார் ரூம்... இப்படிப்பட்ட இடங்களில் மட்டும் பல்பு மாட்டின வேகத்திலேயே போயிடும். 'கம்பெனி சரியில்லை'ன்னு அடுத்த பிராண்டுக்கு மாறுவோம். அதுவும் போயிடும். கோளாறு பல்பிலா, ஹோல்டரிலா? புதுச்சேரி வாசகர்களுக்கு எளிய விளக்கம் இதோ.

அதிர்வு பல்பை எப்படி கெடுக்குது?

பழைய குண்டு பல்பின் உள்ளே இருப்பது மெல்லிய டங்ஸ்டன் இழை. எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அந்த நேரத்தில் மெஷின் அதிர்ந்தால் இழை ஆடி அறுந்துவிடும். சாதாரண குண்டு பல்பின் ஆயுளே சுமார் 1,000 மணி நேரம்தான். அதிர்வு இருந்தால் அதுவும் கிடைக்காது. சிஎஃப்எல் பல்பில் கண்ணாடிக் குழாய் என்பதால் அதுவும் இங்கே சரிவராது.

எல்இடி தாங்குமா?

எல்இடியில் அறுந்துபோக இழை கிடையாது. சின்னச் சின்ன சிப்கள் ஒரு தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனால் அதிர்வு உள்ள இடத்துக்கு முதல் தேர்வு எல்இடிதான்.

புதுச்சேரிக்கு எல்இடி புதுசும் இல்லை. மத்திய அரசின் உஜாலா திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது 2015 ஜனவரி 5-ம் தேதி. அதற்கு முந்தைய ஆண்டே, 2014-ல், மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் மூலம் இங்குள்ள வீடுகளுக்கு எல்இடி பல்புகள் வழங்கப்பட்டன.

ஆனால் எல்இடியிலும் பலவீனமான இடம் உண்டு. பல்பின் அடிப்பகுதியில் மின்சாரத்தை மாற்றித் தரும் 'டிரைவர்' சர்க்யூட் இருக்கும். அதன் சால்டரிங் விட்டுப்போனால் பல்பு மினுக்கும், பிறகு அணைந்துவிடும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* எடை குறைந்த பிளாஸ்டிக் பாடியா பாருங்க. காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசா ஆட்டுங்க. உள்ளே 'கடகட' சத்தம் கேட்டாலோ, மேல்மூடி ஆடினாலோ வேண்டாம்.

* ஒயிட் டவுன் கஃபேக்களில் தொங்கும் கண்ணாடி 'ஃபிலமென்ட் எல்இடி' அழகுக்கு ஓகே. பட்டறைக்கு வேண்டாம்.

* இன்வெர்ட்டர் பல்பில் பேட்டரி இருப்பதால் எடை அதிகம். அதிரும் ஹோல்டருக்கு அந்த எடை கூடுதல் சுமை.

* மூடிய ஷேடுக்குள் அதிக வாட் பல்பு போடாதீங்க. சூடு வெளியேறாமல் டிரைவர் சீக்கிரம் கெடும்.

* பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கணும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு சரிபார்க்கலாம்.

* பில் வாங்குங்க. பல்பு மாட்டிய தேதியை பாடியிலேயே பேனாவால் எழுதி வையுங்க. வாரண்டி கேட்க உதவும்.

ஹோல்டரை மறந்துடாதீங்க

நம்ம ஊரில் இரண்டு பக்கமும் பின் உள்ள பல்புதான் அதிகம். ஹோல்டர் ஸ்பிரிங் அதைப் பூட்டிப் பிடிக்கும். திருகு வகை பல்பு அதிர்வில் மெல்ல கழன்று வரலாம். இரண்டு வகையும் கிடைத்தால் பின் வகையே நல்லது.

கடலோர ஊர் என்பதால் உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடித்து இளகும். அப்போது பல்பு சரியாகத் தொடாமல் தீப்பொறி பறக்கும். ஹோல்டரில் கருப்பா கரி பிடித்திருந்தாலோ, கருகின வாடை வந்தாலோ தாமதம் வேண்டாம். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஹோல்டரையே மாற்றுங்க. இல்லாவிட்டால் தீ விபத்துக்கே வழி வைக்கும்.

முடிந்தால் லைட்டை மெஷினிலோ, மெஷின் ஒட்டிய சுவரிலோ பொருத்தாமல் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. அதிர்வு பாதி அங்கேயே குறையும்.

படகுக்கு வீட்டு பல்பு ஆகுமா?

ஆகாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்கும் படகுகளைப் போல பேட்டரியில் விளக்கு எரியும் இடங்களில், பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் டிசி மின்சாரம்தான் இருக்கும். வீட்டு பல்பு 230 வோல்ட் ஏசிக்கானது. படகுக்கு அதே வோல்ட்டில், தண்ணீர் புகாதபடி மூடிய எல்இடி விளக்கு வாங்கணும்.

கடைசியா ஒண்ணு: ஒரே ஹோல்டரில் அடுத்தடுத்து இரண்டு நல்ல பல்பு போயிடுச்சா? மூணாவது பல்பு வாங்க கடைக்குப் போகாதீங்க. முதல்ல ஹோல்டரையும் ஒயரிங்கையும் பாருங்க.