ஆழ்ச்சி

நம் முன்னோர் 'கடல்கோள்' என்றது ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் இறங்குவதை இன்றைய நிலவியலார் சொல்லும் 'சப்டக்‌ஷன்'தான், தெற்கே இருந்ததாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் அப்படித்தான் பூமிக்குள் போய்விட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்திருந்தால் இப்படிப் பேசத் துணிய மாட்டார்கள். 'கொள்' என்ற முதனிலை நீண்டு 'கோள்' ஆயிற்று. கொள்வது கடல், கொள்ளப்படுவது நிலம். பஃறுளி ஆறும் குமரிக்கோடு என்னும் மலையும் அழிந்ததைக் கூறும் சிலம்பின் காடுகாண் காதையில் வினை 'கொள்'. புகாரின் முடிவைக் கூறும் மணிமேகலையிலும் அதுவே. பாண்டியன் மண்ணிழந்ததைக் கூறும் முல்லைக்கலியில் 'வௌவு'. மூன்றிடத்தும் எழுவாய் கடல்தான். நிலம் தானே நடந்து எங்கும் இறங்கவில்லை. அப்புலவர்கள் அறிந்தது கரை மீறி வந்த நீரை.

நிலவியலும் இவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. கண்டப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.7 மடங்கு, புவியோட்டுக்கு அடியிலுள்ள மேன்டில் என்னும் படலத்துப் பாறையினுடையது 3.3 மடங்கு. இலேசானது கனத்ததற்குள் எளிதில் இறங்காது. இந்தியாவும் ஆசியாவும் மோதிய இடத்தில் பாறை நெரிந்து தடித்து மேலெழுந்ததே இமயம். குமரிமுனைக்குத் தெற்கே தட்டு இறங்கும் எல்லை எதுவும் கிடையாது. நமக்கு அருகில் இருப்பது அந்தமானுக்கு மேற்கே தொடங்கி, சுமத்ரா, சாவகம் (ஜாவா) ஆகியவற்றின் கரையோரமாக வில்போல் வளைந்து போகிறது.

ஆக, 'சப்டக்‌ஷன்' என்ற நிகழ்வுக்குத் தமிழில் என்ன பெயர்? மூலச்சொல்லே சற்று வழுக்கலானது. லத்தீனில் 'சுப்' என்றால் கீழ், 'தூக்கெரே' என்றால் இட்டுச்செல்லுதல். ரோமர் இதே வினையைக் கப்பலைக் கரைமேல் இழுத்து ஏற்றுவதற்கும் ஆண்டார்கள். நிலவியலில் 1951இல் ஆந்த்ரே ஆம்ஸ்துட்ஸ் ஆல்ப்ஸ் மலை பற்றி எழுதும்போது இச்சொல்லை எடுத்தார். 1970இல் வேறு சிலர் அதை மீட்டெடுத்துத் தட்டுக் கொள்கைக்குப் பொருத்திய பிறகே நிலைத்தது. ஒருவர் இழுக்க, இன்னொன்று போகிறது என்ற பிறவினைப் பொருள் அச்சொல்லின் உள்ளேயே கிடக்கிறது.

அதை அப்படியே பின்பற்றி 'செருகல்' என்பார் உளர். செருகுவதற்கு ஒரு கை வேண்டும். பூவைக் கொண்டையில் செருகுகிறோம், கத்தியை இடுப்பில் செருகுகிறோம். இங்கே கை யாருடையது? 'கண் செருகிற்று' என்று தன்வினையாகவும் வருமே என்று கேட்பார்கள். அங்கே விழி போவது மேல்நோக்கி. செருகல் பொருந்தாது.

'அமிழ்தல்' என்போர் இன்னொரு சாரார். அமிழ்தல் நீரை விட்டு விலகாத சொல். அதைப் படிக்கும் மாணவன், அடியில் உருகிய குழம்பு கடல்போல் கிடக்கிறது, தட்டு அதில் கல்லாக முழுகுகிறது என்றே நினைப்பான். பூமியின் மேன்டில் திண்மப் பாறை. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மிக மெல்ல இளகிக் கொடுக்குமே தவிர, அது நீர்மம் அன்று. நிலநடுக்க அலைகளில் திண்மப் பொருளில் மட்டும் செல்லக்கூடிய குறுக்கலைகள் அதனூடே கடந்து வருகின்றன. இதற்குமேல் சான்று வேண்டுமா?

நடப்பது இதுதான். நடுக்கடல் முகட்டில் பிறக்கும் தட்டு சூடானது, இலேசானது. முகட்டைவிட்டு விலக விலக ஆறுகிறது, தடிக்கிறது, கனக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அடியிலுள்ள சூடான பாறையைவிட அடர்ந்துபோய், வளைந்து கீழே இறங்குகிறது. ஆழத்தின் அழுத்தத்தில் அதன் பசால்ட், எக்லோஜைட் என்னும் மேலும் கனத்த பாறையாக மாறுகிறது. இறங்கிய பகுதியின் பாரம், பின்னால் கிடக்கும் தட்டு முழுவதையும் இழுக்கிறது. 1975இல் போர்சைத், உயேதா என்னும் ஆய்வாளர் இருவரும் தட்டுகளின் வேகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விளிம்பில் பெரும்பகுதி இறங்கிக்கொண்டிருக்கும் தட்டுகளே விரைந்து நகர்கின்றன. பசிபிக் தட்டு அவற்றுள் ஒன்று. தட்டு இறங்குவது முதன்மையாகத் தன் பாரத்தால். இறங்கும் பாதையை ஜப்பானியரான வதாதி நிலநடுக்கங்களின் ஆழத்தைக் கொண்டே கண்டார். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வரை அந்த நடுக்கங்கள் தொடர்கின்றன.

தன் பாரத்தால், திண்மத்துக்குள், மெல்ல இறங்குதல். இதற்குப் புறநானூறு ஒரு சொல் வைத்திருக்கிறது. 60ஆம் பாட்டில், கழியில் அள்ளிய உப்பை ஏற்றிக்கொண்டு மேட்டுநாட்டுக்குப் போகும் வண்டி வழியில் பதிந்துவிடுகிறது. அதை மீட்டு இழுக்கும் எருதுக்கு அரசனை ஒப்பிடுகிறார் உறையூர் மருத்துவன் தாமோதரனார். சக்கரம் அப்படிப் பதிவதற்கு அவர் இட்ட பெயர் 'ஆழ்ச்சி'. வண்டியை யாரும் கீழே அழுத்தவில்லை, மேலேற்றிய உப்பின் பாரமே நிலத்துக்குள் இறக்குகிறது. ஆழ் தன்வினை, ஆழ்த்து பிறவினை. நமக்கு வேண்டியது முன்னது. ஆழ்தலுக்கு நீரும் கட்டாயமில்லை; சேற்றிலும் ஆழ்கிறோம், துயரிலும் உறக்கத்திலும் ஆழ்கிறோம்.

    

இன்னும் சொல்ல வேண்டியது 'அகழி' பற்றி. தட்டு வளைந்து இறங்கும் இடத்தில் கடலடி நெடும்பள்ளமாகிறது. பாடநூல்கள் 'மரியானா அகழி' என்கின்றன. அகழி, அகழ்ந்தது, மனிதன் கோட்டையைச் சுற்றித் தோண்டியது. மறுபடியும் ஒரு கையைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஆற்றில் தானாக ஆழ்ந்த இடத்தை 'மடு' என்கிறோம். சாவகத்துக்குத் தெற்கே 7,000 மீட்டருக்கு மேல் ஆழ்ந்து கிடப்பதும் மடுவே. இறங்கும் தட்டைக் 'கண்டத்தட்டு' என்பதும் கூடாது. இறங்குவது பெரும்பாலும் கடலடித் தட்டு.

ஆழ்ச்சியோடு வரும் எரிமலைகள் பற்றியும் ஒரு பிழை பரவியிருக்கிறது. ஆழும் தட்டே உருகி மேலே வருகிறது என்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. தட்டின் கனிமங்களில் பிணைந்திருந்த நீர், சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெளியேறுகிறது. அந்த நீர் கலந்ததும் மேலுள்ள மேன்டில் பாறையின் உருகுநிலை தாழ்கிறது. உருகுவது அந்தப் பாறை. அந்தமான் கடலின் பாரன் தீவு எரிவது இதனால்தான்.

கடல்கோளுக்கும் ஆழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆழும் தட்டு மேல்தட்டின் விளிம்போடு பூட்டிக்கொள்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அதை வளைத்துக் கீழிழுக்கிறது. பூட்டு விடும்போது விளிம்பு விண்ணென்று எழுந்து கடலைத் தூக்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா–அந்தமான் வில்லில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூட்டு விட்டது. வட அந்தமானின் மேற்கோரத்தில் பவளத்திட்டு நீருக்கு மேல் உயர்ந்து வெந்து செத்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கின் அடிவாரம் கடலுக்குள் போயிற்று. அலை நாகப்பட்டினத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் எச்சரிக்க நம் கரையில் உயிருள்ள ஒரு சொல் இல்லை. கடல்கோள் ஏட்டில் இருந்தது, மீனவர் வாயில் இல்லை. நிலநடுக்க மையத்துக்கு வெகு அருகிலிருந்த, சுமத்ராக் கரையோரச் சிமெலூ தீவில் 'ஸ்மோங்' என்ற சொல் இருந்தது. 1907இல் வந்த அலைக்குப் பின் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிக் காத்த சொல். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பது அதன் முழுப்பொருள். 2004இல் அத்தீவின் சுமார் 78,000 பேரில் இறந்தவர் ஏழு பேர்.

ஆகவே இரண்டு சொல்லும் நமக்கு வேண்டும், தனித்தனியாக வேண்டும். ஆழ்ச்சி காரணம், கடல்கோள் அது சில வேளை தரும் விளைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பழம்பெருமை பேசுகிறவர்கள், பிள்ளைகளிடமிருந்து இரண்டையுமே பறிக்கிறார்கள். கலைச்சொல் அகராதிகள் இனி எதை ஏற்றாலும், இந்த நிகழ்வின் பெயர் ஆழ்ச்சி, நிகழும் இடம் ஆழ்ச்சி வலயம், பள்ளம் மடு.