இணையமும் நினைவகமும்

1969-ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், அர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் இடைநிலைக் கணினி நிறுவப்பட்டது. வந்த செய்தித்துண்டை நினைவகத்தில் வைத்து, அடுத்த நிலையம் 'பெற்றோம்' என மறுமொழி தரும்வரை அதன் படியைக் காப்பது அக்கணினியின் கடமை. சிறு காந்த வளையங்களாலான அந்நினைவகம் ஒரு சொல்லை எடுத்துத்தர ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடி கொண்டது. தொலைபேசிக் கம்பியோ விநாடிக்கு 50,000 இருமங்களையே கடத்திற்று. அன்று நினைவகம் முந்தியது, கம்பி பிந்தியது.

இன்று நிலை தலைகீழ். ஒளியிழை வழியே விநாடிக்கு 10,000 கோடி இருமங்கள் செல்கின்றன. இது 20 இலட்சம் மடங்கு. பொதுவழக்கிலுள்ள நினைவகச் சில்லு புதியதோர் இடத்தை எட்டும் விரைவோ ஏறத்தாழ 20 மடங்கே கூடிற்று. ஆகவே பொறியாளர் நினைவகத்தைப் பல அறைகளாகப் பகுத்து, ஒரே நேரத்தில் வேலை வாங்கக் கற்றனர். பாதை எத்துணை அகன்றாலும், செய்தி தங்கிச்செல்லும் சாவடி குறுகினால் பயணம் தடைப்படுமன்றோ?