செம்மண்ணின் பூட்டும் துவரையின் சாவியும்



"சூப்பர் பாஸ்பேட்டை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டாச்சு, அந்த மணிச்சத்து எங்கேதான் போச்சு?" என்று செம்மண் காட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. எங்கேயும் போகவில்லை ஐயா, உங்கள் மண்ணிலேதான் கிடக்கிறது. செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. பெட்டியிலே பணம் இருக்கு, சாவி இல்லை என்கிற கதைதான். அந்தச் சாவியைத் தேடிய வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

வேர் என்றால் சத்தை உறிஞ்சுகிற குழாய், அவ்வளவுதான் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஜெர்மனி நாட்டுத் தாவர விஞ்ஞானி ஜூலியஸ் சாக்ஸ், 1860-ஆம் ஆண்டுவாக்கில் ஒரு சோதனை செய்தார். மெருகேற்றிய சலவைக்கல்லை மண்ணுக்கடியில் வைத்து, அதன்மேல் செடி வளர்த்தார். பிறகு கல்லை எடுத்துக் கழுவிப் பார்த்தால், வேர் படர்ந்த வழியெல்லாம் கோடு கோடாக அரித்திருந்தது! வேர் வெளிவிடும் அமிலம் கல்லையே கரைத்திருக்கிறது. மண்ணை விடுமா?

அதே நாட்டில் 1886-இல் ஹெல்ரீகல் என்பவர், பயறுவகைப் பயிர்கள் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பெறுகின்றன என்று அறிவித்தார். ரைசோபியம் பொட்டலத்தை அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டுகிறோமே, அதற்கு மூலம் இதுதான். ஹில்ட்னர் என்பவர் 1904-இல், வேரை ஒட்டிய மண்ணுக்கே தனிப் பெயர் கொடுத்தார்.

நம் துவரையின் கதை இன்னும் சுவையானது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டஞ்சேரு என்ற ஊரில் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஜப்பானியரான ஆயே என்பவரும் கூட்டாளிகளும் துவரையை ஆராய்ந்து, 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். மணிச்சத்து போடாத செம்மண்ணில் சோளம் தேறவில்லை. துவரை தேறி வந்தது. காரணம், துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிடுகிறது. அது இரும்பைப் பற்றிக்கொள்ள, இரும்பு மணிச்சத்தைக் கைவிட்டுவிடுகிறது. கரிசலில் இந்தச் சாவி அவ்வளவாகச் செல்லாது. அங்கே மணிச்சத்தைப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. அந்தப் பூட்டுக்குக் கொண்டைக்கடலை வேர் கசியவிடும் சிட்ரிக் அமிலம் பொருந்தும்.

"அப்படியானால் துவரை போட்டால் உரமே வேண்டாமோ?" என்று கேட்டுவிடாதீர்கள். வேர் சத்தை விடுவிக்கிறதே தவிர, மணிச்சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. வேரிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள்தான் இந்த வேலை நடக்கிறது. அங்கேயும் எடுக்க எடுக்கக் குறைந்துகொண்டே போகும். உதிர்ந்த இலை காட்டிலே கிடந்தால், எடுத்ததில் ஒரு பங்கு அடுத்த சோளத்துக்குக் கிடைக்கும். பருப்போடு துவரை மாரையும் வீட்டுக்குக் கொண்டுபோனால் அவ்வளவும் நட்டம்தான்.

அடுப்பெரிக்க மார் வேண்டாமா என்பீர்கள். வேண்டியதுதான். எரித்த சாம்பலையாவது காட்டிலே கொண்டுபோய்த் தூவிவிடுங்க. மாரில் இருந்த மணிச்சத்து அதிலே தங்கியிருக்கும்.