கடன் வாங்கிய நாக்கு – 7: பர்ட்டுக்குப் பாடம் சொன்னவர் யார்?

'மை ஃபேர் லேடி' நாடகத்தில் எலைசா டூலிட்டிலாக நடித்து நியூயார்க்கையும் லண்டனையும் கட்டிப்போட்ட ஜூலி ஆண்ட்ரூஸுக்கு, திரையில் அந்த வேடம் கிடையாது என்று ஸ்டுடியோ அதிபர் ஜாக் வார்னர் கதவைச் சாத்தியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 'கேமலாட்' நாடகம் முடிந்த ஓர் இரவில் வால்ட் டிஸ்னி அவரைத் தேடி வந்து, 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நாயகியாக நடிக்க அழைத்தார். தான் கருவுற்றிருப்பதை ஜூலி சொன்னார். குழந்தை பிறக்கும்வரை காத்திருப்பதாக வாக்குக் கொடுத்தார் டிஸ்னி. அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

1963, கோடைக்காலம். கலிஃபோர்னியாவில் பர்பாங்க் நகரம். டிஸ்னி ஸ்டுடியோவின் கூரைகளுக்கு அடியில் 1910ஆம் ஆண்டு லண்டன் எழும்பி நின்றது. பூங்கா, வங்கி, செர்ரி மரத் தெரு என்று எல்லாமே செட். தூரத்தில் தெரியும் மாடிகளையும் புனித பால் தேவாலயத்தின் கும்மட்டத்தையும் கண்ணாடியில் தீட்டியவர் பீட்டர் எலன்ஷா, லண்டனில் பிறந்தவர். 'மேரி பாப்பின்ஸ்' படத்தின் இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சன் ஆங்கிலேயர். தந்தையாக நடித்த டேவிட் டாம்லின்சன், பக்கத்து வீட்டு அட்மிரலாக வந்த ரெஜினால்ட் ஓவன், தெருமுனைக் காவலராக வந்த ஆர்தர் ட்ரீச்சர், பணிப்பெண்ணாக வந்த ஹெர்மியோன் பேட்லி எல்லோரும் இங்கிலாந்து மண்ணில் பிறந்தவர்கள். குழந்தைகள் இருவரும் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள்.

இவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பாத்திரம் மட்டும் லண்டன் தெருவின் வாயோடு பேசியாக வேண்டும். அவன் பெயர் பர்ட். காலையில் ஒற்றை ஆளாகப் பல வாத்தியம் வாசிப்பான், நடைபாதையில் சுண்ணக்கட்டியால் படம் வரைவான், புகைபோக்கியில் கரி துடைப்பான். கிழக்கு லண்டன் உழைப்பாளிகளின் 'காக்னி' வழக்கு அவனுடையது. மேரி-லெ-போ தேவாலய மணியோசை எட்டும் தூரத்தில் பிறந்தவனே அசல் காக்னி என்பது அங்கே பழைய கணக்கு. அந்த வழக்கில் சொல்லின் தலையில் வரும் ஹகர ஒலி உதிர்ந்துவிடும். நடுவே வரும் டகரம் தொண்டைக்குள் அடைபட்டு நிற்கும். 'டே' என்பது 'டை' என்று அகன்றுவிடும்.

அந்த வேடம் டிக் வான் டைக்குக்குப் போனது. மிஸூரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெய்ன்ஸில் பிறந்து, இல்லினாயின் டான்வில்லில் வளர்ந்தவர். தன் பெயரிலேயே ஓடிய தொலைக்காட்சித் தொடரால் அமெரிக்க வீடுகளெங்கும் அறிமுகமான முகம். ரப்பரைப் போல வளையும் உடம்பு. கூரைமேல் கரி துடைப்பவர்கள் ஆடும் அந்த நீண்ட நடனத்தைப் பார்த்தவர்கள், இந்த வேடத்துக்கு வேறு ஆள் கிடைத்திருப்பானா என்றே கேட்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் வாயைத் திறந்தால்?

ஒரு வரியில் ஹகரம் விழுகிறது, அடுத்த வரியில் எழுந்துகொள்கிறது. உயிரொலிகள் லண்டனைத் தாண்டி எங்கோ அலைகின்றன. 1964 ஆகஸ்டில் ஹாலிவுட்டில் படம் வெளியானபோது அமெரிக்கர்கள் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. லண்டன் காதுகள் மன்னிக்கவேயில்லை. 2003இல் பிரிட்டனின் 'எம்பயர்' இதழ் நடத்திய வாக்கெடுப்பில், திரை வரலாற்றின் மிக மோசமான உச்சரிப்புகளில் இது இரண்டாம் இடம் பிடித்தது. படம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

சரி, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

ஜே. பாட் ஓ'மாலி. பெயரைக் கேட்டால் அயர்லாந்து நினைவுக்கு வரும். ஆனால் அவர் பிறந்தது இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷையரின் பர்ன்லியில். ஜாக் ஹில்டன் இசைக்குழுவில் பாடி, 1930களிலேயே அமெரிக்காவுக்குக் குடிவந்தவர். டிஸ்னியின் கார்ட்டூன்களுக்கு அவர் குரல் பெரிய சொத்து. '101 டால்மேஷன்ஸ்' படத்தின் திருடன் ஜாஸ்பர் அவர்தான். ஆங்கிலேயர், குரல் கலைஞர், கைக்கு அருகில் இருக்கிறார். ஸ்டுடியோவுக்கு அது போதுமானதாக இருந்தது. பர்ன்லிக்காரரின் ஆங்கிலம் வேறு, காக்னி வேறு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தன்னைவிட அந்த ஆசானுக்கு ஒன்றும் நன்றாக வரவில்லை என்று வான் டைக் பிற்காலத்தில் சொன்னார்.

பழியை ஓ'மாலியின் தலையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், குறுக்கே வந்து நிற்கிறார் ஜூலி ஆண்ட்ரூஸ்.

ஜூலி பிறந்தது சரே மாவட்டத்தின் வால்டன்-ஆன்-தேம்ஸில். காக்னி அவருடைய வழக்கும் அல்ல. 1956இல் 'மை ஃபேர் லேடி' நாடகத்துக்காக அவர் அதைப் பாடமாகப் படித்தார். கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்கர்! அதோடு, இயக்குநர் மாஸ் ஹார்ட் குழுவினர் எல்லோருக்கும் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு வார இறுதி முழுவதும் ஜூலியை மட்டும் நிற்கவைத்து எலைசாவை வரிவரியாகச் செதுக்கினார். பிறகு ஆண்டுக்கணக்கில், இரவுதோறும் மேடை. அதில் ஒரு பகுதி லண்டன் ரசிகர்களுக்கு எதிரேயே. ஆசான் எந்த ஊர் என்பதில் ஒன்றுமில்லை. தப்பு வரும் ஒவ்வொரு முறையும் நிறுத்தித் திருத்த ஆள் இருந்தது, அதற்கு நேரமும் இருந்தது.

அந்த நேரம் பர்பாங்கிலும் இருந்தது. அது வேறெங்கோ செலவானது. நடன இயக்குநர்களான மார்க் ப்ரோவும் டீ டீ வுட்டும் கூரை நடனத்தை வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். வான் டைக் கார்ட்டூன் பெங்குவின்களோடு ஆடும் காட்சிக்காக, சோடியம் விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் தனி நுட்பத்தோடு படம்பிடித்தார்கள். அதற்கு ஆஸ்கரும் வந்தது. காலுக்கும் கண்ணுக்கும் இத்தனை பேர் உழைத்த இடத்தில், நாக்குக்கு ஒரே ஒரு கார்ட்டூன் குரல்காரர். அதுதான் என்னை உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சுற்றி நின்ற அத்தனை ஆங்கிலேயர்களும் ஏன் வாய் திறக்கவில்லை? உச்சரிப்பைச் சரிசெய்துகொள் என்று படப்பிடிப்பில் ஒருவர்கூடத் தன்னிடம் சொன்னதில்லை என்பது வான் டைக்கின் வாக்குமூலம். மரியாதையாக இருக்கலாம். கண்ணாடியில் தீட்டிய லண்டனுக்கு இந்தக் குரல் போதும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். எதுவானாலும், அன்று அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு சொல் சொல்லப்படவேயில்லை. 2017இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பிரிட்டிஷ் திரைக் கழகமான பாஃப்டா கௌரவித்தபோது, அந்த உச்சரிப்புக்காக அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஒரு ஸ்டுடியோவே கேட்க வேண்டிய மன்னிப்பை ஒரு தனிமனிதர் கேட்டார்.

இத்தனைக்கும் அவருக்குக் காது இல்லாமல் போகவில்லை. அதே படத்தில் தள்ளாடும் வங்கி முதலாளி டாஸ் கிழவரைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் வான் டைக்தான். அந்த வேடத்துக்காக அவரே கெஞ்சினார், சம்பளமே வேண்டாம் என்றார். டிஸ்னி அவரைத் திரைச் சோதனைக்கு உட்படுத்தியதோடு, தன் கலைக் கல்லூரிக்கு 4,000 டாலர் நன்கொடையும் வாங்கிக்கொண்டார். படத்தின் முடிவில் 'நாவ்கிட் கீட்' என்று ஒரு விசித்திரப் பெயர் வரும். அந்த எழுத்துகள் திரையிலேயே இடம் மாறி அவர் பெயராகும். அதுவரை அடையாளம் காணாத ரசிகர்கள் ஏராளம். கிழவராகப் பேசும்போது அந்த நாக்கு இடறவில்லை.

1968இல் 'சிட்டி சிட்டி பேங் பேங்' படத்துக்கு மீண்டும் ஆங்கிலேயன் வேடம் வந்தபோது, உச்சரிப்பு எதுவும் போட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது.

ஆனால் நம் கதை இன்னும் 1963லேயே நிற்கிறது. டிஸ்னி ஸ்டுடியோவிலிருந்து சில நிமிடக் கார்ப் பயணம், அதே பர்பாங்கில் வார்னர் ஸ்டுடியோ. பர்ட் இங்கே தடுமாறிய அதே ஆண்டில், அங்கே இன்னொரு காக்னி உருவாகிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நடந்த தவறு எதுவும் அங்கே நடக்காது என்றுதான் தோன்றியது. 55 லட்சம் டாலர் கொடுத்து 'மை ஃபேர் லேடி' நாடகத்தின் உரிமையை வாங்கிய ஜாக் வார்னரின் படத்துக்கு, அசல் ஒலியியல் அறிஞர் பீட்டர் லடஃபோகெட் ஆலோசகர். எலைசாவாக ஆட்ரி ஹெப்பர்ன். பிரஸ்ஸல்ஸில் பிறந்து, டச்சுத் தாயிடம் வளர்ந்தவர். பாட்டும் வழக்கும் இரண்டுமே தன் குரலில் வர வேண்டும் என்று அவர் உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தார்.

அவர் பாடிய பாடல்கள் பதிவாயின. அதே பாடல்களைப் பாட, இன்னொரு பெண்ணும் ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்தாள்.

(தொடரும்)