என்.வி.கியூ. சான்றிதழ்: பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

யுத்தத்தால் பாடசாலைக் கல்வி இடைநின்ற பலர் மேசன், மின்னிணைப்பு, தையல் வேலைகளைச் செய்து செய்தே பழகியவர்கள். கையில் தொழில் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. அதற்காக நகையை அடகுவைக்கும் குடும்பம், எதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதை முதலில் அறியவேண்டும்.

தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 7 மட்டங்களைக் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். இதனை மேற்பார்வை செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி பயிற்சி நிறுவனங்கள் அங்கு பதிவுசெய்யப்பட வேண்டும்.

பதிவு வேறு, தரச்சான்று வேறு

பலர் ஏமாறுவது இங்கேதான். நிறுவனம் பதிவுபெற்றிருந்தாலும், அதன் எல்லாப் பாடநெறிகளும் என்.வி.கியூ. தகைமைக்கு உரியவை அல்ல. ஒவ்வொரு பாடநெறிக்கும் தனியாகத் தரச்சான்று வேண்டும். நிறுவனம் தானே அச்சிட்டுத் தரும் சான்றிதழ் என்.வி.கியூ. ஆகாது.

முழுத் தொகை எவ்வளவு?

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பாடநெறிக் கட்டணம் மட்டுமே. பதிவு, உபகரணம், சீருடை, மதிப்பீடு, சான்றிதழ் ஆகியவற்றுக்கான பணமும் அதில் அடங்குமா? முதல் மதிப்பீட்டில் தேர்ச்சி கிடைக்காவிட்டால் மறுமதிப்பீட்டுக்கு யார் கட்டுவது? இடையில் விலகினால் பணம் திரும்புமா? இவற்றுக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். முழுத் தொகை தெரியாமல் ஒரு கட்டணம் நியாயமானதா என ஒப்பிட்டுப் பார்க்கவே முடியாது.

தொழில் தெரிந்தவர்களுக்கு

அனுபவமுள்ளவர் முழுப் பாடநெறிக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, நேரடி மதிப்பீட்டுக்குத் தோற்றி என்.வி.கியூ. பெறலாம். நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் இதுபற்றி விசாரிக்கலாம். அரச பயிற்சி நிலையங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ அதே பாடநெறி உள்ளதா என்றும் பாருங்கள்.

பதில் தராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. சட்டத்தின்கீழ் அங்கீகாரம் பெற்ற தனியார் தொழிற்கல்வி நிறுவனங்களையும் அது உள்ளடக்குகிறது. கட்டண விபரத்தைத் தமிழிலேயே கோரலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

கட்டணத்தைக் கேட்பது சண்டை பிடிப்பதல்ல; அது கட்டுபவரின் உரிமை.